அத்தியாயம் 7: பெயர் தெரியாத டாரன்டுலாவுக்கு இடம் கொடுத்தல்

வளர்த்தவர் வேண்டாமென்று விட்ட டாரன்டுலாச் சிலந்தியை ஒரு வீடு ஏற்க நேரும்போது, அது எந்தச் சிற்றினம் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையிலும் அதைத் தீங்கின்றி வைத்திருப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது. நகரத்தில் ஆசைக்கு வாங்கப்பட்டு, படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போதோ வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கும்போதோ வேண்டாததாகிவிடும் இத்தகைய உயிரி, இடவசதியுள்ள கிராமத்து உறவினர் வீட்டைத் தேடி வரக்கூடும் என்பதால், புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோரக் கிராமமான மணப்பட்டின் வெயில், ஈரம், எறும்பு, கொசுமருந்து ஆகியவற்றை மனத்தில் கொண்டே இங்குள்ள அறிவுரைகள் எழுதப்பட்டுள்ளன.

டாரன்டுலா என்பது தெரபோசிடே என்னும் சிலந்திக் குடும்பத்தின் பொதுப்பெயர். உடல் முழுவதும் மயிர் அடர்ந்த இந்தப் பெருஞ்சிலந்திகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இத்தாலியின் தரந்தோ நகரத்தை ஒட்டிப் பிறந்த இந்தப் பெயர் முதலில் அங்கிருந்த ஓர் ஓநாய்ச் சிலந்தியையே குறித்தது என்பதும், பின்னர் அமெரிக்கக் கண்டங்களில் கண்ட மயிர்ச்சிலந்திகள் மீது அது ஏறிக்கொண்டது என்பதும் பெயர்க்குழப்பம் இந்த உயிரிக்குப் புதிதல்ல என்பதைக் காட்டுகின்றன. தமிழிலும் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. பேச்சுவழக்கில் எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான், 'சிலந்தி' என்ற சொல்லோ பூச்சியையும் குறிக்கும், உடம்பில் எழும் கட்டியையும் குறிக்கும்.

ஆகவே, கொண்டுவரப்பட்டது டாரன்டுலாதானா என்பதே முதல் கேள்வியாக அமைய வேண்டும். தமிழ்நாட்டு, புதுச்சேரி வீடுகளின் சுவர்களில் இரவில் காணப்படும், உள்ளங்கை அளவுக்குக் கால் விரிக்கும் தட்டையான வேட்டைச் சிலந்தி டாரன்டுலா அல்ல; அதன் கால்கள் நண்டின் கால்களைப் போலப் பக்கவாட்டில் படர்ந்திருக்கும், அதன் நச்சுப்பற்கள் இடுக்கியைப் போல ஒன்றையொன்று நோக்கி மூடும். டாரன்டுலாவின் பற்களோ இணையாக அமைந்து கொத்துமண்வெட்டி இறங்குவது போல மேலிருந்து கீழாகப் பாய்வதோடு, அதன் உடலும் கால்களும் தடித்து, வெல்வெட் துணி போன்ற மயிர்ப் போர்வையுடன் இருக்கும். சுவரில் பிடிபட்ட வேட்டைச் சிலந்திக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை, அதை வெளியே விட்டுவிடுவதே முறை; அது கரப்பான்களைத் தின்று வீட்டுக்கு நன்மை செய்யும் உயிரி.

பெயர் ஏன் தெரியாமல் போகிறது என்பதை விளங்கிக்கொள்ள, 2021 ஜூலையில் சென்னை அயல்நாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்துறை திறந்து பார்த்த பார்சல் ஒன்று போதுமானது. போலந்திலிருந்து தமிழகத்து முகவரி ஒன்றுக்கு வந்த அந்தப் பார்சலில், வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகளும் ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தியும் இருந்தன. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் அலுவலர்களும் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல அறிவியலாளர்களும் பார்த்த பிறகும், அவை பிராகிபெல்மா உள்ளிட்ட இரண்டு அமெரிக்கப் பேரினங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்ற ஐயம்தான் வெளியிடப்பட்டது. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி. உரிய இறக்குமதி உரிமமும் உடல்நலச் சான்றும் இல்லாததால் அந்தச் சிலந்திகள் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. துறை அறிந்தோரே குஞ்சுச் சிலந்திகளைப் பார்த்துப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிற நிலையில், அத்தகைய குப்பி ஒன்றைக் கைமாற்றாக வாங்கிச் சில ஆண்டுகள் வளர்த்தவர் சொல்லும் பெயரை நம்புவதற்கு இடமில்லை. விற்பவர் சொன்னதை வாங்கியவர் சொல்கிறார், அவ்வளவே.

ஊகித்த பெயர் எந்தப் பெயரும் இல்லாததைவிட ஆபத்தானது என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை நிலைப்பாடு. சாதுவான இனம் என்று தவறாகக் கருதிக் கையில் ஏற்றுவதும், பட்டியலில் இல்லாத இனம் என்று தவறாகக் கருதிச் சட்டப் பதிவைத் தவிர்ப்பதும் ஊகத்தின் விளைவுகளே. எனவே, பெயர் உறுதியாகும் வரை அந்தச் சிலந்தி கடுமையான நஞ்சுடையது, அரிப்பு மயிரை உதறக்கூடியது, மிக வேகமாக ஓடக்கூடியது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்னும் நான்கையும் ஒருங்கே கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. இந்த நான்கும் ஒரே சிற்றினத்தில் கூடுவது அரிது என்பது உண்மைதான். ஆயினும் எது இல்லை என்பது தெரியாதபோது எல்லாம் உண்டு என்று கொள்வதில் நட்டமில்லை.

பெட்டியைக் கைநீட்டி வாங்குவதற்கு முன்

கொடுப்பவரிடமிருந்து ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டிய விவரங்கள் சில உண்டு: சிலந்தி எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன பெயரில், எவ்வளவு பெரியதாக வாங்கப்பட்டது, கடைசியாக எப்போது தின்றது, கடைசியாக எப்போது சட்டை உரித்தது என்பவை. உரித்த பழைய சட்டை எதையேனும் அவர் எடுத்து வைத்திருந்தால், அதைச் சிலந்தியைவிட முக்கியமானதாகக் கருதிக் கேட்டு வாங்க வேண்டும். காரணம் பின்னர் விளங்கும். வாங்கிய ரசீதோ பதிவுச் சான்றோ இருந்தால் அதன் படியும் தேவை. கொடுப்பவர் கூச்சத்தாலோ அச்சத்தாலோ எதையும் எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பே ஒரு தகவல் என்று கொண்டு, வனத்துறைக்குத் தெரிவிக்காமல் ஏற்பதைத் தவிர்த்துவிடலாம்.

சட்ட நிலை வருமாறு. அழியும் அபாயத்திலுள்ள காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில், மெக்சிகோ நாட்டுப் பிராகிபெல்மா பேரினமும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரவாழ் சிலந்திகளான போசிலோதீரியா பேரினமும் இடம்பெற்றுள்ளன. பின்னது 2019-இல் சேர்க்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சைட்டீஸ் பட்டியல் உயிரிகளை நான்காம் அட்டவணையில் வைத்து, அவற்றை உயிருடன் வைத்திருப்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. 2024-இல் வெளியான விதிகளின்படி, அவ்வுயிரி ஒருவர் வசம் வந்த 30 நாட்களுக்குள் பரிவேஷ் 2.0 இணையவாயில் வழியாக மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிற்றினம் தெரியாதவருக்கு இந்த விதி பொருந்துமா என்று தெரியாது. ஆனால் நாள் ஓடுவது நிற்பதில்லை. ஆகவே புதுச்சேரி வனம் மற்றும் வனவிலங்குத் துறைக்கு, சிலந்தியின் ஒளிப்படங்களையும் கொடுத்தவர் எழுதிய தாளின் படியையும் இணைத்து, இனம் அறியாத டாரன்டுலா ஒன்று இன்ன தேதியில் இன்ன வகையில் வந்து சேர்ந்தது என்று முதல் வாரத்திலேயே எழுத்துவழியில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைப்பது தக்கது. துறை அதைத் தானே எடுத்துக்கொள்ள முன்வந்தால் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணப்பட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. ஊருக்கு அருகிலுள்ள முள்ளோடையைக் கடந்தால் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. இப்பகுதி மக்கள் காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் நாளில் பலமுறை கடக்கும் எல்லை அது. காட்டுயிர்ச் சட்ட நோக்கில் எல்லைக்கு அப்பால் வேறொரு தலைமைக் காப்பாளர் இருக்கிறார் என்பதால், பதிவு தேவைப்படக்கூடிய சிலந்தியைப் பையில் போட்டுக்கொண்டு கடலூரிலுள்ள நண்பருக்குக் காட்டிவிட்டு வருவது, மதுப்புட்டியைக் கடத்துவதைப் போன்ற வேடிக்கையாகக் கருதப்படக் கூடாது.

இடம் மாற்றுதலும் இருப்பிடமும்

சிலந்தியைக் கையால் தொட வேண்டிய தேவை எந்தக் கட்டத்திலும் எழுவதில்லை. அகன்ற வாயுள்ள கண்ணாடித் தன்மையான பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையை மெல்லச் செருகி, இரண்டையும் சேர்த்துத் திருப்புவதே முறையாகும். நீண்ட தூரிகையால் பின்கால்களை லேசாகத் தொட்டால் அது தானாகவே டப்பாவுக்குள் நகரும். இந்த வேலையைக் கதவு சாத்திய அறையில், கட்டிலுக்கடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் துணி அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும், ஏனெனில் மரவாழ் இனங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சுவரேறிவிடும். பயணம் அதிகாலையில் அமைவது நல்லது. இருசக்கர வாகனத்தின் பெட்டிக்குள் நண்பகலில் வைக்கப்பட்ட சிலந்தி வெந்துபோகும்.

டாரன்டுலாக்கள் வாழும் முறையால் மூவகைப்படும்: தரையில் நடமாடுபவை, ஆழ வளை தோண்டுபவை, மரப்பொந்தில் வாழ்பவை. இனம் தெரியாதபோது மூன்றுக்கும் ஓரளவு பொருந்தும் பெட்டி ஒன்றைத் தயாரித்து, முதல் இரண்டு வாரங்களில் சிலந்தியே தன் வகையைக் காட்டும்படி விடுவது அறிவுடைமை. ஒரு சாண் அகலமுள்ள, மூடி இறுகப் பூட்டும் தெளிவான பெட்டியில், பாதி உயரத்துக்கு ஈரமான தென்னைநார்க்கழிவை அமுக்கி நிரப்பி, ஒரு மூலையில் குழிவான மரப்பட்டையைச் சாய்த்து நிறுத்தி, எதிர்மூலையில் சிறு தண்ணீர்த் தட்டு வைத்து, பக்கச் சுவர்களில் சூடான ஊசியால் காற்றுத்துளைகள் இட்டால் போதும். உரம் கலந்த நார்க்கழிவு ஆகாது; உப்பு நீங்க இருமுறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். மண்மட்டத்துக்கும் மூடிக்கும் இடைப்பட்ட உயரம் சிலந்தியின் கால்வீச்சைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது, ஏனெனில் கனத்த தரைச்சிலந்தி மேலிருந்து விழுந்தால் அதன் மெல்லிய வயிற்றுப்பகுதி வெடித்து இறந்துவிடும். சிலந்தி பட்டையின் மேல்பகுதியில் வலை பின்னத் தொடங்கினால் அது மரவாழ் வகை என்று கொண்டு உயரமான பெட்டிக்கு மாற்றலாம். மண்ணை உருட்டி வெளியே தள்ளினால் வளைவாசி, மண்ணின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். திறந்தவெளியில் சாவதானமாக அமர்ந்திருந்தால் பெரும்பாலும் தரைவாசி.

மேலைநாட்டுக் கையேடுகள் பரிந்துரைக்கும் வெப்பவிளக்கும் சூடேற்றும் மெத்தையும் இங்கே தேவையற்றவை மட்டுமல்ல, கொல்லக்கூடியவை. அக்னி நட்சத்திரக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பெட்டி இருக்கவே கூடாது. ஓட்டுவீட்டின் உள்ளறை அல்லது தளவீட்டின் வடக்குச் சுவரோரம் பொருத்தமானது. பெட்டியைத் தரையிலும் வைக்கலாகாது. 2011-இன் தானே புயலும், புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டிய 2024 நவம்பர் இறுதியின் ஃபெஞ்சல் புயலும், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் பாகூர் வட்டாரத்துக்குச் சொன்ன செய்தி அது.

நஞ்சு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

சிலந்தியின் நஞ்சைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டின் நஞ்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கிராமத்து வீட்டில் வளர்க்கப்படும் டாரன்டுலாவுக்கு எமனாக வருவது பெரும்பாலும் கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் பொருத்தும் கொசு விரட்டித் திரவம், கரப்பான் மருந்துத் தெளிப்பு, எறும்புப் பொடி, எறும்புச் சாக்பீஸ் ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியே. இவை மனிதருக்குச் சிறிதளவில் தீங்கற்றவையாகத் தோன்றினும், பூச்சிகளின் நரம்பைத் தாக்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. சிலந்தியின் நரம்பும் அவ்வாறே பாதிக்கப்பட்டு, கால்கள் தடுமாறி, நடுங்கி, சில நாட்களில் அது இறக்கும். கொம்யூன் பஞ்சாயத்தின் கொசுப்புகை வண்டி தெருவுக்குள் வரும் மாலைகளில் பெட்டியை உள்ளறைக்கு எடுத்துச் சென்று கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, புகை முழுவதும் அடங்கிய பிறகே திறக்க வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் பாகூர்ப் பகுதியில் வயல்களுக்கு மருந்தடிக்கும் நாட்களிலும் காற்றடிக்கும் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வைப்பது அவசியம். அந்துருண்டை இட்ட அலமாரிக்குள் பெட்டியை வைப்பதும், செவ்வாய், வெள்ளிகளில் சாம்பிராணிப் புகையை அதன்மேல் காட்டுவதும் தவிர்க்கத்தக்கவை. வீட்டுப் பாட்டிக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எறும்பு இன்னொரு பகை. தின்று போட்ட மிச்சத்தைத் தேடி வரும் சிற்றெறும்புகள், சட்டை உரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை உயிரோடு அரித்துவிடும். மருந்து பயன்படுத்த வழியில்லாததால், பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தும் பழைய முறையே இங்கும் கைகொடுக்கிறது: அகன்ற தட்டில் நீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் பெட்டியை வைத்து, அது சுவரையோ திரைச்சீலையையோ தொடாமல் பார்த்துக்கொண்டால் எறும்பு எட்டாது. கொசு முட்டையிடாதபடி அந்த நீரை மூன்று நாட்களுக்கொருமுறை மாற்றுவதும் கடமையாகும்.

உணவைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கு இல்லை. சிலந்தியின் வயிற்றளவைவிடச் சிறிய சுவர்க்கோழி அல்லது கரப்பான் ஒன்று பத்து நாட்களுக்கு ஒருமுறை போதும். வயலிலோ சமையலறையிலோ பிடித்தவை மருந்து தின்றிருக்கக்கூடும் என்பதால், வளர்ப்பு மீன், பறவைக் கடைகளில் தீனியாக விற்கும் புழுக்களே நம்பகமானவை. ஒரு நாளுக்குள் தின்னாததை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

உரித்த சட்டை

டாரன்டுலா வளர்வதற்காகத் தன் புறத்தோலை முழுவதுமாகக் கழற்றிவிடுகிறது. பாம்புக்குச் சொல்வதைப் போலவே இதையும் சட்டை உரித்தல் எனலாம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே உணவை மறுக்கத் தொடங்கி, வயிற்றில் மயிர் உதிர்ந்த பகுதி கறுத்து, பின்னர் ஒருநாள் மல்லாந்து படுத்துவிடும். செத்துவிட்டதென்று கருதி இந்த நிலையில் தூக்கிப் போடப்பட்ட சிலந்திகளுக்குக் கணக்கில்லை. சாகும் சிலந்தி மல்லாந்து படுப்பதில்லை. நிமிர்ந்த நிலையிலேயே கால்களை உடலுக்கடியில் மடக்கிக்கொள்ளும் என்பதே வேறுபாடு. மல்லாந்ததைத் தொடவோ, நீர் தெளிக்கவோ, திருப்பவோ கூடாது. உரித்த பிறகு வெண்மையாக இருக்கும் பற்கள் கறுத்து இறுகும் வரை, ஏறத்தாழ பத்து நாட்களுக்கு, உயிருள்ள தீனி எதையும் உள்ளே விடக் கூடாது. மெத்தென்றிருக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துவிடும்.

கழற்றிய சட்டைதான் பெயர் தெரியாத சிலந்தியின் அடையாள அட்டை. கால்களின் மயிர் அமைப்பு, பற்களின் அடிப்பகுதி, கண்களின் வரிசை அனைத்தும் அதில் அப்படியே பதிந்திருப்பதோடு, பெண்ணாயின் விந்துப்பை எனப்படும் சிறு உள்ளுறுப்பின் படிவமும் வயிற்றுத்தோலின் உட்புறத்தில் இருக்கும்; இனம் பிரிப்போர் உருப்பெருக்கியின் கீழ் முதலில் தேடுவது இதைத்தான். சட்டை ஈரமாக இருக்கும்போதே குச்சியால் மெல்ல விரித்து நிழலில் உலர்த்தி, பஞ்சிட்ட தீப்பெட்டி அளவுப் பெட்டியில் தேதியிட்டு வைக்க வேண்டும். சிலந்தியின் மேற்புறத்தை மட்டுமல்லாமல், பெட்டிச் சுவரில் ஏறி நிற்கும்போது வெளியிலிருந்து அடிப்புறத்தையும் படமெடுப்பது பயன்தரும், ஏனெனில் போசிலோதீரியா சிற்றினங்களைப் பிரிப்பதில் முன்கால், பின்கால்களின் அடிப்புறக் கோலங்களே துணைசெய்கின்றன. படங்களையும் சட்டையின் விவரத்தையும் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்துக்கோ, கொச்சி தேவரா சேக்ரட் ஹார்ட் கல்லூரியின் சிலந்தியியல் பிரிவுக்கோ எழுதிக் கேட்கலாம்.

இந்தப் பொறுமைக்குத் தக்க விடை கிடைக்காமலும் போகலாம், வியப்பான விடையும் கிடைக்கலாம். நீலச் சிலந்தியான போசிலோதீரியா மெட்டாலிகாவை 1899-இல் விலங்கியலாளர் பொக்காக் விவரித்தபோது அவர் கையிலிருந்தது ஆந்திரத்துக் கூட்டி ரயில் மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றை மாதிரிதான். அதன் காட்டு வாழிடம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே 2001-இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. அரக்கோணத்திலிருந்து ஒன்றும், இராமேசுவரத்திலிருந்து 2004-இல் அனுமவிலாசக் கோயிலின் பெயரால் ஒன்றும், வட இலங்கையின் மாங்குளத்திலிருந்து 2012-இல் ஒன்றும் என, தமிழர் வாழும் நிலங்களிலிருந்தும் இப்பேரினத்தின் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன.

கடியும் மயிரும்

அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவை பின்கால்களால் வயிற்றைத் தேய்த்து முள்மயிரைக் காற்றில் உதறும். அது தோலில் அரிப்பையும் கண்ணில் நீடித்த அழற்சியையும் தரும் என்பதால், பெட்டியைத் திறக்கும்போது கண்ணாடி அணிவதும், பின்னர் கை கழுவாமல் முகத்தைத் தொடாதிருப்பதும் வேண்டும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த மயிர் இல்லை. அவற்றின் தற்காப்பு கடியே. டாரன்டுலாக் கடியின் நஞ்சால் மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு இல்லாவிடினும், போசிலோதீரியா கடித்தால் கடும் வலியும், நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டாகும். 2012-இல் அசாமின் சதியாவில் சிலந்திக்கடிப் பீதி பரவி, இருவர் இறந்ததாகச் செய்தி வந்தபோது, அந்தச் சிலந்தி எது என்பதிலேயே நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. கடிபட்டோரில் சிலர் மந்திரிப்பவரிடம் போய்க் கடிவாயைக் கீறிக்கொண்டதும் அப்போது பேசப்பட்டது.

கடிபட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, கயிறு கட்டாமல், கீறாமல், மந்திரிக்கக் காத்திராமல் கிருமாம்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ செல்ல வேண்டும். பாம்புக்கடிக்கான மாற்றுமருந்து இதற்குப் பயன்படாது, டாரன்டுலாவுக்கெனத் தனி மாற்றுமருந்தும் இல்லை. வலி, தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கான மருத்துவமும் டெட்டனஸ் ஊசியுமே தரப்படும். கடித்தது வளர்ப்புச் சிலந்தி என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டுக்கால் பூச்சியின் சிறுநீர் பட்டால் அக்கி வரும் என்ற நம்பிக்கை இப்பகுதியில் வலுவானது. அக்கி என்பது சின்னம்மைக் கிருமி உடலில் மீண்டும் விழித்தெழுவதால் வருவது, சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் சிலந்தி வந்த வீட்டில் யாருக்கேனும் அக்கி கண்டால் பழி எங்கே விழும் என்பதை எண்ணி, ஏற்பதற்கு முன்பே வீட்டாரின் முழுச் சம்மதத்தைப் பெறுவது நல்லது.

விட்டுவிடலாமா

மணப்பட்டின் சவுக்கும் முந்திரியும் அடர்ந்த கடலோர மணற்காட்டைப் பார்த்ததும், அங்கே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அயல்நாட்டு இனமாயின் அது ஒன்று பட்டினியில் சாகும், அல்லது சாகாமல் பெருகும். மெக்சிகோவின் செம்பின்புறச் சிலந்தி இனம் அமெரிக்காவின் புளோரிடாவில் தோட்டமொன்றில் குடியேறித் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. இந்திய இனமே ஆயினும், எந்தக் காட்டைச் சேர்ந்தது என்று தெரியாததை வேறொரு காட்டில் விடுவது முறையாகாது. தொடர்ந்து வளர்க்க இயலாதவர், தமக்கு வந்த தாளோடும் சேர்த்துவைத்த சட்டைகளோடும் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. பெண் சிலந்தி இருபதாண்டு வாழக்கூடும், முதிர்ந்த ஆணுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயுள் அரிது. ஏற்கும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இறந்தபின் உடலைப் புதைத்துவிடாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் முழுவதும் மூழ்கும்படி கண்ணாடிக் குப்பியில் இட்டு, வந்த தேதி, இறந்த தேதி, ஊர் ஆகியவற்றை எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு, பதிவு செய்யப்பட்டிருந்தால் இறப்பையும் அறிவித்து, மேற்சொன்ன நிறுவனங்களுள் ஒன்றுக்கு ஏற்கிறார்களா என்று எழுதிக் கேட்கலாம். சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.